காற்றின் இரசாயனத்தைக் கணிக்கும் மாதிரிகள்: மலையகத்து ஆய்வாளர்களுக்கு அந்தப் பயிற்சி எதற்கு?

2022 டிசம்பர் 8ஆம் திகதியளவில் இலங்கையின் பல நகரங்களில் காற்று திடீரென மோசமானது. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் சூறாவளி இருந்த நேரம் அது. புகைமூட்டத்தோடு குளிரும் சேர்ந்துகொள்ள, மறுநாள் அரச பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுக் காற்றுதான் காரணம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கியது. 2019 நவம்பரிலும் இதேபோன்ற விளக்கம் வந்தது.

ஒவ்வொரு முறையும் மக்கள் கேட்பது இரண்டு கேள்விகள். இந்தப் புகையில் எவ்வளவு அங்கிருந்து வந்தது, எவ்வளவு நம்முடைய வாகனங்களும் அடுப்புகளும் விட்டது? இன்னும் இருபது வருடத்தில் இது கூடுமா, குறையுமா? காற்றுத் தரத்தை அளக்கும் கருவிக்கு இந்தப் பதில்கள் தெரியாது. தான் நிற்கும் இடத்தில், அந்த நேரத்தில், துகள் எவ்வளவு என்பதை மட்டுமே அது காட்டும். காரணத்தையும் எதிர்காலத்தையும் தேட வேண்டுமானால் வளிமண்டல இரசாயன-காலநிலை மாதிரிகள், அதாவது காற்றையும் அதிலுள்ள இரசாயனத்தையும் கணக்கிட்டுப் பார்க்கும் கணனி நிரல்கள், தேவை. அவற்றை இயக்க ஆய்வாளர்களுக்குப் பயிற்சி என்று செய்தி வந்தால், ஏதோ கணனி வகுப்பு என்று நினைத்துப் பலர் கடந்துபோகிறார்கள். அந்தப் பயிற்சியில் என்ன நடக்கிறது, மலையகத்துக்கு அது ஏன் முக்கியம் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## மூன்று வகை மாதிரிகள்

எல்லா வகைக்கும் அடியில் இருப்பது ஒரே உத்திதான். வளிமண்டலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் காற்று, வெப்பம், ஈரம் எப்படி மாறும் என்பதற்கான சமன்பாடுகளைச் சிறு நேர இடைவெளிகளில் திரும்பத் திரும்பத் தீர்க்கிறார்கள். கேட்கும் கேள்வியைப் பொறுத்து வகை மாறுகிறது.

1. வானிலை மாதிரி. இன்றைய அளவீடுகளிலிருந்து தொடங்கி அடுத்த சில நாட்களைச் சொல்லும். மழை எதிர்வுகூறல்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

2. இரசாயனக் கடத்தல் மாதிரி. காற்று எந்தப் பக்கம் வீசியது என்ற தரவை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும். அந்தக் காற்றில் மாசு எங்கே போகிறது, போகும் வழியில் என்னவாக மாறுகிறது என்பதை மட்டும் கணக்கிடும். ஜியோஸ்-கெம் இந்த வகை.

3. இரசாயன-காலநிலை மாதிரி. இதில் மாசு காலநிலையை மாற்றும், மாறிய காலநிலை திரும்பவும் மாசை மாற்றும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை ஒன்றரை முதல் இரண்டு கோடி தொன் வரையான கந்தகவீரொட்சைட்டை மேல் வளிமண்டலத்துக்கு அனுப்பியது. அது அங்கே சல்பேற்றுத் துகளாக மாறிச் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பியதால், அடுத்த ஆண்டு பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.5 பாகை செல்சியஸ் குறைந்தது. வாயு, துகள், ஒளி, வெப்பம் என்ற இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே கணக்கில் பிடிப்பது மூன்றாவது வகைதான்.

இந்த மூன்றாவது வகைக்கு நல்ல உதாரணம் யு.கே.சி.ஏ. பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் யூனிஃபைட் மாடல் என்ற பெரிய மாதிரிக்குள் இரசாயனத்தையும் நுண்துகள்களையும் கவனிக்கும் பகுதி அது. கேம்பிரிட்ஜ், லீட்ஸ் பல்கலைக்கழகங்கள் அதை வளர்த்ததில் பங்கெடுத்தவை. புதிய ஆய்வாளர்களுக்கான அதன் பயிற்சிப் பாடங்கள் ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால், கீழே அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

## ஓசோன் எப்படி உண்டாகிறது

இரசாயனத்தைத் தனியாக ஏன் கணக்கிட வேண்டும் என்பதற்கு ஓசோன் போதும். மேல் வளிமண்டலத்தில் அது நம்மைக் காக்கிறது. தரைமட்டத்தில் அதே ஓசோன் நுரையீரலையும் இலையையும் கெடுக்கிறது. எந்தப் புகைபோக்கியும் ஓசோனை நேரடியாக விடுவதில்லை, காற்றிலேயே அது உருவாகிறது.

வாகன எஞ்சின் விடும் நைதரசனீரொட்சைட்டு வெயிலில் உடைகிறது. பிரிந்த ஒட்சிசன் அணு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஓசோனாகிறது. மிச்சமாகும் நைத்திரிக்கொட்சைட்டு அந்த ஓசோனை அழித்துத் திரும்பவும் நைதரசனீரொட்சைட்டு ஆகிவிடும். இவ்வளவுதான் என்றால் ஓசோன் சேராது. ஆனால் காற்றில் சேதன ஆவிகளும் இருக்கின்றன. பெற்றோல் ஆவி, விறகுப் புகை, மரங்கள் தாமாகவே விடும் ஐசோப்பிரீன் ஆகியவை உடையும்போது உண்டாகும் மூலிகங்கள் (எதனோடும் உடனே வினைபுரியும் மூலக்கூற்றுத் துண்டுகள்), ஓசோனைச் செலவழிக்காமலேயே நைத்திரிக்கொட்சைட்டை நைதரசனீரொட்சைட்டாக மாற்றிவிடுகின்றன. அப்புறம் ஓசோன் சேர்ந்துகொண்டே போகிறது.

இதன் விளைவு கொள்கை வகுப்பவர்களுக்கு மிக முக்கியம். வாகன நெரிசல் கடுமையான நகரத்தில் நைதரசன் ஒட்சைட்டுகளைக் கொஞ்சம் குறைத்தால் ஓசோன் கூடவும் வாய்ப்புண்டு. காடும் தோட்டமும் யூக்கலிப்டஸும் நிறைந்த மலையில் சேதன ஆவி ஏற்கனவே தாராளமாக இருக்கும், நைதரசன் ஒட்சைட்டுதான் குறைவு. அங்கே புதிதாகச் சேரும் வாகனப் போக்குவரத்து சிறிதானாலும் ஓசோனை நன்றாகவே தூக்கிவிடும். கொழும்புக்குச் சரியான முடிவை ஹட்டனுக்கு அப்படியே எடுத்து வைக்க முடியாது.

யு.கே.சி.ஏ.யின் முழுமையான இரசாயனத் திட்டத்தில் எண்பதுக்கு மேற்பட்ட பொருட்களும் ஏறத்தாழ 300 வினைகளும் உள்ளன. அவற்றில் ஐதரொட்சில் மூலிகத்தின் ஆயுள் ஒரு செக்கன் அளவுதான். அது தாக்கி அழிக்கும் மெதேனின் ஆயுளோ ஒரு தசாப்தத்துக்குக் கிட்ட. இரண்டையும் ஒரே கணக்கில் தீர்க்க வேண்டியிருப்பதால் இந்த மாதிரிகள் இவ்வளவு கணனி நேரத்தை விழுங்குகின்றன.

## ஹட்டன் கொழும்போடு, தலவாக்கலை பொத்துவிலோடு

மலையகத்துக்காரர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான்.

யு.கே.சி.ஏ. வழக்கமாக ஓடும் ஒரு பிரிதிறனில், உலகம் கிழக்கு மேற்காக 192, வடக்கு தெற்காக 144 கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. மேலே 85 கிலோமீற்றர் உயரம் வரை 85 அடுக்குகள். மொத்தம் 23 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நம் அகலாங்கில் ஒரு பெட்டி கிழக்கு மேற்காக சுமார் 207 கிலோமீற்றர், வடக்கு தெற்காக சுமார் 139 கிலோமீற்றர். பரப்பு 28,000 சதுர கிலோமீற்றரைத் தாண்டும். முழு இலங்கையின் பரப்பே 65,610 சதுர கிலோமீற்றர்தான்.

இந்தக் கட்டக் கோடுகளில் ஒன்று கிழக்கு நெட்டாங்கு 80.625 பாகையில் விழுகிறது, அதாவது ஏறத்தாழக் கண்டி நகரின் மேலேயே. அதற்கு மேற்கே இருக்கும் ஹட்டனும் கொழும்பும் ஒரே பெட்டி. கிழக்கே இருக்கும் தலவாக்கலை, நுவரெலியா, பதுளை, கரையோரத்துப் பொத்துவில் எல்லாம் இன்னொரு பெட்டி. பக்கத்துப் பக்கத்து ஊர்களான ஹட்டனும் தலவாக்கலையும் மாதிரிக்குள் பிரிந்துபோகின்றன.

ஒரு பெட்டிக்கு ஒரே தரைமட்ட உயரம்தான். 2,524 மீற்றர் பீதுருதாலகாலையும் கடற்கரை மணலும் சேர்ந்து சராசரியாகி, சில நூறு மீற்றர் மேடாக மட்டும் தெரிகின்றன. இந்தச் சராசரி, வெயிலில் நிற்கும் கொழும்புக்காரருக்கும் குளிரில் கம்பளி போட்ட நுவரெலியாக்காரருக்கும் ஒரே துணியில் ஒரே அளவில் உடுப்புத் தைத்துக் கொடுப்பது போன்றது. விளைவுகள் மூன்று.

1. வெப்பம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கொழும்பைவிட 11, 12 பாகை குளிர். இரசாயன வினைகளின் வேகமும், மரம் விடும் ஐசோப்பிரீனின் அளவும் வெப்பத்தோடு மாறுபவை. மாதிரி அந்த இடத்துக்குத் தவறான வெப்பத்தைக் கொடுத்தால் ஓசோனும் தவறும்.

2. மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்தில் கொட்டித் தீர்க்கும்போது, மலைக்கு அந்தப் பக்கம் ஊவா காய்ந்து கிடக்கும். துகள்களைக் காற்றிலிருந்து கழுவி எடுப்பது மழை. மலையே இல்லாத பெட்டியில் இந்த இரு பக்கப் பிரிவு மங்கிவிடுகிறது.

3. பள்ளத்தாக்கு. கண்டி மலைகளுக்கு நடுவே குழிந்த நகரம். காற்று அசையாத இரவுகளில் குளிர்ந்த காற்று அடியில் தேங்க, வாகனப் புகையும் அதற்குள்ளேயே நிற்கும். 200 கிலோமீற்றர் அகலப் பெட்டிக்கு அப்படியொரு குழி இருப்பதே தெரியாது.

பெட்டியைச் சிறிதாக்கினால் தீராதா? தீரும், ஆனால் விலை அதிகம். பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் பெட்டிகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டிவருவதால் வேலை எட்டு மடங்காகும். அதனால்தான் உலகத்தைப் பெரிய பெட்டியில் விட்டுவிட்டு, இலங்கையை மட்டும் சில கிலோமீற்றர் பெட்டிகளில் ஓட்டும் டபிள்யூ.ஆர்.எஃப்.-கெம் போன்ற பிரதேச மாதிரிகளும் தேவைப்படுகின்றன. இதில் எதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரிவதே பயிற்சியின் பெரிய பாதி என்பேன்.

## பயிற்சியில் என்ன செய்கிறார்கள்

இத்தகைய பயிற்சி பெரும்பாலும் சில நாட்கள் நடக்கும். வருபவருக்கு லினக்ஸ் கட்டளைகள் பழகியிருக்க வேண்டும், மாதிரியின் நிரல் ஃபோர்ட்ரானில் இருப்பதால் அதை வாசிக்கவாவது தெரிய வேண்டும். வரிசை பொதுவாக இப்படிப் போகும்.

1. ஏற்கனவே சரியாக ஓடும் ஓர் அமைப்பைப் பிரதியெடுத்து, எதையும் மாற்றாமல் ஓட்டுவது. இது ஓடினால்தான் பிறகு வரும் கோளாறு யாருடையது என்று சொல்ல முடியும்.

2. எந்த வெளியீடு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது. யூனிஃபைட் மாடலில் ஒவ்வொரு கணியத்துக்கும் ஸ்டாஷ் என்ற எண் உண்டு. ஓசோனுக்கு 34ஆம் பிரிவில் 1ஆம் எண். கேட்க மறந்ததை மாதிரி சேமிக்காது, முழு ஓட்டத்தையும் திரும்பச் செய்ய வேண்டும்.

3. புதிய பொருளொன்றைச் சேர்ப்பது. யு.கே.சி.ஏ. பாடங்களில் ஆலிஸ், பாப் என்று இரண்டு கற்பனைப் பொருட்கள் வருகின்றன. முதலில் அவற்றுக்கு மாதிரியில் இடம் ஒதுக்க வேண்டும். பிறகு ஆலிஸை எங்கிருந்து எவ்வளவு வெளிவிடுவது என்ற கோப்பைச் செய்ய வேண்டும். அதன் பின் அதை ஐதரொட்சிலோடு வினைபுரிய வைத்துப் பாப் ஆக மாற்ற வேண்டும். கடைசியில் அவை இலையிலும் மண்ணிலும் படிவதையும் மழையில் கரைந்து இறங்குவதையும் சேர்க்க வேண்டும். உண்மையான எந்த மாசுக்கும் படிகள் இவைதான்.

4. அலகுகளைச் சரிபார்ப்பது. மாதிரி கேட்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு செக்கனில் எத்தனை கிலோகிராம் என்று. கோப்பில் இருப்பது நைதரசனின் நிறையா, நைத்திரிக்கொட்சைட்டின் நிறையா என்று பார்க்காமல் போட்டால் விடை இரண்டு மடங்குக்கு மேல் பிழைக்கும். மாதிரி எந்த எச்சரிக்கையும் தராமல் அழகான வரைபடத்தைக் கொடுத்துவிடும்.

5. விடையை அளவீட்டோடு வைத்துப் பார்ப்பது. கண்டியில் ஒரு வீதியோரக் கருவியின் எண்ணையும், 28,000 சதுர கிலோமீற்றர் சராசரியையும் பக்கத்தில் வைத்து மாதிரி பிழை என்று சொல்வது நியாயமில்லை. சரி என்று சொல்வதும் அப்படித்தான். செய்மதி உதவும். 2017 ஒக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செய்மதியின் ட்ரோபோமி கருவி, சில கிலோமீற்றர் அளவு புள்ளிகளில் நைதரசனீரொட்சைட்டைப் பார்க்கிறது. ஆனால் முகில் மூடிய நாளில் அதற்குத் தரை தெரியாது, மலையகத்தின் பருவமழை மாதங்களில் எத்தனை நாள் முகில் விலகும் என்பது இங்கிருப்பவருக்குத் தெரியும்.

முதல் நான்கும் பொறுமையிருந்தால் வந்துவிடும். ஐந்தாவதற்கு இடத்தைப் பற்றிய அறிவு வேண்டும். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அங்கே நம் ஆளின் துணை இல்லாமல் தடுமாறுவார்.

## அந்த டிசம்பர் மாதிரிக்குள் இருக்கிறதா?

காலநிலை மாதிரியைச் சுதந்திரமாக ஓடவிட்டால் அது தன் சொந்த வானிலையை உருவாக்கிக்கொள்ளும். அதன் 2022 டிசம்பரில் மாண்டஸ் சூறாவளி இருக்காது. பல வருடங்களின் சராசரி, பருவப் போக்கு ஆகியவற்றைத்தான் அது சரியாகச் சொல்ல முயல்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளின் புகையைக் கேட்க வேண்டுமானால், மாதிரியின் காற்றையும் வெப்பத்தையும் அந்த நாட்களின் மீளாய்வுத் தரவுகளை (உண்மையான அளவீடுகளை வைத்து மீளக் கட்டிய வானிலைப் பதிவை) நோக்கி மெல்ல இழுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஐரோப்பிய வானிலை எதிர்வுகூறல் மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 தரவு இதற்குப் பயன்படுகிறது. செய்தியில் "மாதிரி காட்டுகிறது" என்று வாசித்தால், இழுத்து ஓட்டியதா, சுதந்திரமாக ஓட்டியதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அடுத்து, "எவ்வளவு அங்கிருந்து வந்தது". இதற்கு மாதிரியை இரண்டு முறை ஓட்டுகிறார்கள், ஒருமுறை எல்லா உமிழ்வுகளோடும், மறுமுறை இந்திய உமிழ்வுகளை எடுத்துவிட்டும். வித்தியாசமே பங்கு என்று சொல்லத் தோன்றும். புகைத்துகளுக்கு அது ஓரளவு பொருந்தும். ஓசோனுக்குப் பொருந்தாது, ஏனெனில் மேலே பார்த்தபடி ஒன்றை எடுத்தால் மற்றதன் வினையும் மாறுகிறது. இந்தியப் பங்கையும் உள்ளூர்ப் பங்கையும் தனித்தனியே கண்டு கூட்டினால் மொத்தம் வராமல் போகலாம். "60 சதவீதம் வெளியிலிருந்து" என்று யாராவது ஒரே எண்ணாகச் சொன்னால், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்டுத்தான் நம்ப வேண்டும்.

எல்லை கடந்த புகை புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1999 தொடக்கத்தில் இன்டோயெக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வு மாலைதீவின் காஷிதூ தீவில் கருவிகளை வைத்து, வடகீழ் பருவக்காற்று தெற்காசியப் புகையை இந்து சமுத்திரத்தின் மேல் நெடுந்தூரம் கொண்டுபோவதை விரிவாகப் பதிவுசெய்தது. அந்தக் காற்றுப் பாதையில்தான் நம் தீவும் இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து வருகிறது என்பது உண்மை. உள்ளூர்ப் புகையைக் கணக்கில் எடுக்காமல் விட அது காரணமாகாது.

## உமிழ்வுக் கணக்கு: நம்மிடம்தான் இருக்கிறது

மாதிரிக்குள் போகும் உமிழ்வு எண்கள் பெரும்பாலும் உலகளாவிய பட்டியல்களிலிருந்து வருகின்றன. எட்கார் பட்டியல் 0.1 பாகை, அதாவது சுமார் 11 கிலோமீற்றர் கட்டங்களில் உலகத்தைத் தருகிறது. எரிபொருள் புள்ளிவிபரத்தையும் சனத்தொகைப் பரம்பலையும் வைத்துப் பிரித்த மதிப்பீடு அது. தோட்டப்புறத்தில் அது தவறவிடக்கூடியவை பல.

தேயிலைத் தொழிற்சாலைகள் கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் விறகு எரிக்கின்றன. தொழிலாளர் வாழும் லயன் வரிசை வீடுகளில் பெரும்பாலான குடும்பங்களின் அடுப்பும் விறகுதான். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் வறண்ட மாதங்களில் தீ பரவுகிறது. சிறிய தீ செய்மதிக் கண்ணுக்குத் தப்பும். தேயிலைக்கும் மரக்கறிக்கும் போடும் நைதரசன் உரத்திலிருந்து அமோனியா எழும்பி, காற்றிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகிறது.

அண்மைய வருடங்களில் இந்த எண்கள் நிலையாகவும் இருக்கவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே வருடத்திலேயே தடை தளர்த்தப்பட்டது. 2022இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் நின்றன. எரிவாயு கிடைக்காமல் நகர வீடுகளும் விறகுக்குத் திரும்பின. வாகனப் புகை குறைந்து, விறகுப் புகை கூடிய வருடம் அது. முந்தைய வருடங்களின் போக்கை நீட்டிச் செய்த உமிழ்வுப் பட்டியலை வைத்துக்கொண்டு 2022 டிசம்பரின் பங்கைப் பிரித்தால், விடையில் இருக்கும் உள்ளூர்ப் பகுதி பழைய இலங்கையுடையதாகத்தான் இருக்கும்.

இதைத் திருத்தத் தேவையான தகவல் இங்கேயே சிதறிக் கிடக்கிறது. எந்தத் தொழிற்சாலை மாதத்துக்கு எவ்வளவு விறகு வாங்குகிறது என்பது தோட்டக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். எந்த மலைக்கு எப்போது உரம் போட்டார்கள் என்பது வெளிக்கள உத்தியோகத்தருக்குத் தெரியும். 1925இல் தொடங்கப்பட்டு, இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரத்தைப் பற்றிய நீண்ட அனுபவம் உண்டு. இவற்றைச் சேர்த்து ஒரு மலையக உமிழ்வுக் கோப்பு செய்வது, மாதிரியை ஓட்டுவதைவிடப் பயனுள்ள முதல் வேலை. தோட்டத்தில் பிறந்து விஞ்ஞானம் படித்த ஒரு மாணவிக்கு இதில் இருக்கும் அனுகூலம் வேறு யாருக்கும் இல்லை.

## எதில் தொடங்குவது

யூனிஃபைட் மாடலுக்கு உரிமம் வேண்டும், பெரிய கணனியும் வேண்டும். அதனால் யு.கே.சி.ஏ. கூட்டு ஆய்வுகளுக்கே பொருந்தும். ஜியோஸ்-கெம், டபிள்யூ.ஆர்.எஃப்.-கெம் இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள, அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம், வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கு ரெக்-சி.எம். என்ற பிரதேச மாதிரியில் பட்டறைகள் நடத்திவருகிறது. பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ போன்ற பல்கலைக்கழகங்களின் இளம் விரிவுரையாளர்கள் தேட வேண்டியது இப்படியான வாய்ப்புகளை. ஒருவராகப் போய்வருவதைவிட மாதிரி இயக்குபவர், அளவீடு எடுப்பவர், கணனியைப் பராமரிப்பவர் என்று மூவராகப் போவது நல்லது. ஒருவர் வேலை மாறினாலும் பழகிய அறிவு தங்கும்.

## மாதிரி பார்க்காத இடம்

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகள் வருடச் சராசரியாக ஒரு கன மீற்றரில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. இலங்கையின் நியமம் 25. இரண்டும் வெளிக்காற்றுக்கு வைத்துப் பேசப்படும் எண்கள், மாதிரி தருவதும் வெளிக்காற்றைத்தான். எத்தனை சிறிய பெட்டி வைத்தாலும், புகைபோக்கி இல்லாத லயன் சமையலறைக்குள் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு) போகும் முன் விடியற்காலையில் அடுப்பு மூட்டும் பெண் என்ன சுவாசிக்கிறாள் என்பது அதில் வராது. அதற்குக் கருவியை அந்த அறைக்குள்ளேயே வைத்து அளக்க வேண்டும். ஒரு வீட்டில் நாளைக்கு எத்தனை கிலோ விறகு எரிகிறது என்ற எண்ணும் அதே வருகையில் கிடைத்துவிடும். உமிழ்வுக் கோப்புக்கு வேண்டியதும் அந்த எண்தான்.